இடம் மாறிய உறுப்பு

ஓர் இயந்திரத்தின் உறுப்பு தன் தொழிலைத் தனித்து நின்றே செய்வதாகத் தோன்றும். ஆயின், அது பொருத்தப்பட்டிருக்கும் இடமும் அத்தொழிலிற் பங்குகொள்கிறது. அப்பங்கு வழமையிற் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உறுப்பை இடம் மாற்றும்போதே புலப்படும். இவ்வுண்மையை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் 1990களின் முற்பகுதியில் துவிச்சக்கரவண்டியைக் கொண்டு கற்றனர்.

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாட்டின் மின்வழங்கல் நின்றது. பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் பற்றறியும் தடுக்கப்பட்டன. ஒளிக்கு யாம்போத்தல் விளக்குப் போதுமாயிற்று. செய்திக்கு மாற்று இருக்கவில்லை. எங்கே குண்டு விழுந்தது, எப்பாதை திறந்திருக்கிறது என்பன உயிரோடு தொடர்புடைய வினாக்கள். பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்பதற்காக வண்டியின் டைனமோ வானொலியுடன் இணைக்கப்பட்டது. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் பெடலை மிதிக்க, அயலவர் சூழ்ந்திருந்து கேட்டனர்.

இணைப்பு எளிதன்று. விளக்குக்கென அமைந்த 6 வோல்ற்று, 3 வாற்று டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். எனவே நான்கு இருவாயிகளைப் பாலமாக அமைத்து மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தி, கொள்ளளவியொன்றால் அதன் ஏற்றவிறக்கத்தைத் தணித்தல் வேண்டும். பேச்சோடு இரைச்சல் கலந்து, மிதிக்கும் வேகத்துடன் அவ்விரைச்சலின் சுருதியும் உயருமாயின், கொள்ளளவி பழுதடைந்திருக்கலாம்; அல்லது இருவாயியொன்று அறுந்திருக்கலாம். இன்னுமோர் இடரும் உண்டு. வானொலி மிகச் சிறிய ஓட்டத்தையே எடுப்பதால், வேகமாக மிதித்தால் அழுத்தம் 6 வோல்ற்றை வெகுவாகக் கடந்துவிடும். வண்டியின் விளக்குக் குமிழைச் சமாந்தரமாக எரியவிட்டால் அது மிகையான வலுவை உண்டு வானொலியைக் காக்கும்.

இவை அனைத்தும் செவ்வனே அமைந்த பின்னரும் எழக்கூடிய ஒரு வழு சிந்தனைக்குரியது. டைனமோவை வண்டியிலிருந்து கழற்றி, மரச்சட்டமொன்றிற் பூட்டிக் கையாற் சுழற்ற முனைந்தால் வானொலி பேசாது. டைனமோ பழுதென்றே முதலில் எண்ணத் தோன்றும். அதனை மீண்டும் வண்டியிற் பூட்டினால் விளக்கு முன்போலவே எரியும்! காரணம் யாதெனில், டைனமோவிலிருந்து விளக்குக்குச் செல்வது ஒரே கம்பி. ஓட்டம் திரும்பிவரும் வழி வண்டியின் இரும்புச் சட்டமேயாகும். டைனமோவின் பிடியிலுள்ள கூரிய திருகாணி வண்டியின் நிறப்பூச்சைத் துளைத்துச் சட்டத்தைத் தொடுவதும் இதன்பொருட்டே. மரமோ மின்னைக் கடத்தாது. டைனமோவின் உடலிலிருந்து இரண்டாவது கம்பியொன்றை இழுத்துவிட்டாற் குறை தீரும்.

மறுதலையும் உண்மை. டைனமோ வண்டியில் இருக்கையில், பாலத்திற்கு அப்பாலுள்ள நேரோட்டத்தின் மறைமுனைக் கம்பி தவறிச் சட்டத்தைத் தொட்டால், ஆடலோட்டத்தின் ஓர் அரைச்சுற்று குறுஞ்சுற்றாகிவிடும். வானொலி தளரும். உதவிய சட்டமே ஊறுசெய்வதும் உண்டு.

இன்றைய மின்னணுப் பொருளிலும் இந்நியதி மாறவில்லை. நின்ரெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘வீ’ என்னும் விளையாட்டுக் கருவியைக் கையடக்கமாக்க விரும்புவோர், அதன் சுற்றுப்பலகையின் ஓரங்களை வெட்டி, நினைவகச் சில்லைப் பெயர்த்து, மயிரிழை போன்ற கம்பிகளால் வேறிடத்தில் இணைக்கின்றனர். கருவி இயங்க மறுத்தால் சில்லு இறந்ததென முடிவுசெய்தல் அவசரமாகும். ஒவ்வொரு கம்பியின் தொடர்ச்சியையும், அயற்கம்பிகள் ஒன்றையொன்று தொடாமையையும், சில்லின் காலிலேயே வழங்கல் அழுத்தத்தையும் முறையே அளத்தல் வேண்டும். பழைய இடத்திற் சில்லின் அருகே நின்று அழுத்தத்தை நிலைப்படுத்திய சிறு கொள்ளளவி அங்கேயே விடப்பட்டிருக்கலாம். கம்பி வேண்டியதினும் நீண்டிருக்கலாம். வேறொரு கருவியின் சில்லைக் கொணர்ந்து பூட்டுவதும் பயன்தராது. அதிலுள்ளவை அந்தந்தக் கருவிக்கே உரிய திறவுகோலால் மறைகுறியாக்கப்பட்டவை. ஒன்றின் நினைவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். டைனமோ பூட்டிய வண்டிகள் பலவும் பொதி சுமந்து அவர்களுடன் சென்றன. 1996 ஏப்ரலுக்குப் பின்னர் பலர் திரும்பினர், திரும்பாதோரும் உளர். இடம்பெயர்ந்தவருக்கு உணவும் கூரையும் கணக்கிட்டு வழங்கப்படலாம். அயல், கிணற்றடி, கோயில் வீதி, கடன் சொல்லிப் பொருள் வாங்கும் கடை என்பன எந்த நிவாரணப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. புதிய இடத்தில் ஒருவர் தளர்ந்திருப்பின், அவரிடம் குறைகாண முன்னர், பழைய இடம் அவருக்குச் சொல்லாமற் செய்துவந்தது யாதென வினாவுதல் முறை. வானொலி திருத்துபவர் இரண்டாவது கம்பியைத் தேடுவதும் இவ்வினாவைக் கேட்ட பின்னரேயாகும்.