மிஸ் பேட்ஸும் நாங்களும்

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் அம்மையார் பிறந்தது 1775 டிசம்பர் 16-ஆம் நாள். 2025-இல் 250 ஆண்டுகள் நிறைவெய்தியதை முன்னிட்டு, அவருடைய நாவல்களிலிருந்து எடுக்கப்பட்ட திரைப்படங்களைச் சனிக்கிழமைதோறும் பார்ப்பதென்று எங்கள் ஆங்கில மன்றத்தில் முடிவாயிற்று. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் படம் பார்க்குமுன் அந்தந்த நாவலில் சில அத்தியாயங்களையேனும் படித்து வரவேண்டுமென்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மகிழ்ச்சியில் பாதி அப்போதே போயிற்று.

நீண்ட அங்கி, குதிரை வண்டி, நடனம், முடிவில் கல்யாணம். ஆஸ்டின் என்றால் இவ்வளவுதான் என்று எண்ணியிருந்தோம். படமெடுப்பவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் எண்ணுகிறார்கள் போலும். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1940-இல் ஹாலிவுட் படமாயிற்று; 1995-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஆறு பகுதித் தொடராயிற்று. 2005-இல் மீண்டும் படமாயிற்று. 2012-இல் அதன் கதாநாயகி யூடியூபிற்கே வந்து நாட்குறிப்புச் சொல்லத் தொடங்கிவிட்டாள். தமிழில் 2000-இல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ எங்கள் அம்மாமார்களுக்குப் பாட்டோடு மனப்பாடம். அது 1811-இல் வெளியான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் தழுவல் என்று வீட்டில் சொன்னபோது பலர் நம்பவே இல்லை.

முதற் சனிக்கிழமை அந்த நாவலின் 1995-ஆம் ஆண்டுப் படம். தந்தை இறக்குந் தறுவாயில், சிற்றன்னைக்கும் தங்கைமார் மூவருக்கும் உதவும்படி மகனிடம் கேட்டுக்கொள்கிறார். தங்கைகளுக்கு மொத்தம் 3000 பவுன் தருவதென்று மகன் தீர்மானிக்கிறான். மனைவி பேசுகிறாள். தொகை பாதியாகிறது. பிறகு ஆண்டுக்கு 100 பவுன் என்றாகிறது. ஆண்டுதோறும் கொடுப்பதென்றால் வாங்குபவர்களுக்கு ஆயுள் கூடிவிடும் என்று அவள் கவலைப்படுகிறாள்! பிறகு எப்போதாவது 50 பவுன். கடைசியில், வீடு மாறும்போது ஒரு கை உதவி, பருவத்திற்கு மீனும் வேட்டை இறைச்சியும் அனுப்பினால் போதும் என்பதில் வந்து நிற்கிறது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. இருவரும் தம்மை நல்லவர்களென்றே நம்புகிறார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். “எங்கள் ஊர்ப் பாகப்பிரிவினையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்கள்” என்றாள் எங்களுள் ஒருத்தி.

இந்த அம்மையாரின் முதல் நாவலில் அவர் பெயரே இல்லை. ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். 1803-இல் வேறொரு கையெழுத்துப் பிரதியை 10 பவுனுக்கு வாங்கிய பதிப்பாளர் அதை அச்சிடாமலே போட்டுவைத்தார். 1816-இல் அதே 10 பவுனைக் கொடுத்துத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 2017-இல் இங்கிலாந்தின் 10 பவுன் நோட்டில் அவர் படமே வந்துவிட்டது. படத்தின் கீழே வாசிப்பின் இன்பத்தைப் புகழும் ஒரு வாக்கியம். நாவலில் அதைச் சொல்பவளோ புத்தகத்தில் மனமே செல்லாமல் கொட்டாவி விட்டபடி, பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் செல்வரைக் கவர்வதற்காகச் சொல்கிறாள். ஆஸ்டின் இருந்திருந்தால் இதையும் ஒரு அத்தியாயமாக எழுதியிருப்பார்.

அதற்குப் பிறகு ‘எம்மா’. 1815-இல் வந்த நாவல். அதில் மிஸ் பேட்ஸ் என்று ஒருவர். திருமணமாகாதவர், வறியவர், வயதான தாயைப் பேணுபவர், ஓயாமல் பேசுபவர். அவர் பேச்சு பக்கம் பக்கமாக ஓடும். நாங்கள் அந்தப் பக்கங்களைத் தள்ளித் தள்ளித்தான் படித்தோம்.

எங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு மிஸ் உண்டு. பெயர் வேண்டாம். தையல் சொல்லித்தருபவர். ஊசியில் நூல் கோப்பதற்குள் தம் அம்மாவின் முழங்கால் வலி, மருந்து, தூக்கம் எல்லாம் சொல்லி முடித்துவிடுவார். ஒரு வகுப்பில் எத்தனை முறை “எங்கம்மா” என்கிறார் என்று மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணுவது எங்கள் வழக்கம். சென்ற ஆசிரியர் தின விழாவில் ஒரு படி மேலே போய், அவரைப் போலவே பேசி நடித்துக் காட்டினோம். கூடம் அதிர்ந்தது. முன் வரிசையில் இருந்த அவரும் சிரித்தார். “நான் அவ்வளவா பேசறேன்?” என்று பக்கத்து மிஸ்ஸைக் கேட்டார். அன்று அதுவும் எங்களுக்கு நகைச்சுவையாகவே பட்டது.

பாக்ஸ் ஹில் என்னும் குன்றில் உல்லாசப் பயணம். அறிவாகப் பேச வராதவர்கள் அசட்டுத்தனமாக மூன்று வார்த்தையாவது சொல்லவேண்டும் என்று விளையாட்டு. அது தமக்கு எளிது என்று மிஸ் பேட்ஸ் வெள்ளையாகச் சிரிக்கிறார். மூன்றோடு நிறுத்துவதுதானே உங்களுக்குக் கஷ்டம் என்கிறாள் எம்மா. புத்தகத்தில் இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அதுவரை அவரைத் தள்ளிப் படித்த நாங்கள் மனத்தில் நினைத்ததைத்தானே எம்மா வாய்விட்டுச் சொன்னாள்! ஆனால் 2020-ஆம் ஆண்டுப் படத்தில் அந்த அம்மாளின் முகம் தெரிந்தது. சிரிப்பு மெல்ல அணைந்தது. எங்கள் கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. தையல் மிஸ்ஸின் முகத்தை அன்று நாங்கள் பார்க்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. எம்மாவைத் தனியே கண்டிக்கும் நைட்லி, அந்தப் பெண் உனக்குச் சமமான வசதியுடையவளாக இருந்திருந்தால் வேறு பேச்சு என்கிறார். வசதியுள்ள வேறொருவரை நாங்கள் அப்படி நடித்துக் காட்டியிருப்போமா?

இதே கதையை அமெரிக்கப் பள்ளி மாணவியின் கதையாக்கிய ‘க்ளூலெஸ்’ படத்தில் (1995) வீட்டுப் பணிப்பெண்ணிடம் நாயகி இப்படித்தான் வாய்தவறிப் பேசுகிறாள். உடை மாறியிருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது. அந்த இடம் மட்டும் மாறவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அழுத எம்மா மறுநாள் காலையிலேயே மிஸ் பேட்ஸைப் பார்க்கப் போகிறாள். நாங்கள் திங்கட்கிழமை மதியம் நால்வராகத் தையலறைக்குப் போனோம். என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துவைத்திருந்தோம். ஒன்றும் வாயில் வரவில்லை.

“என்னம்மா, பட்டன் அறுந்துபோச்சா?” என்றார் மிஸ்.

“இல்லை மிஸ். அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?” என்று ஒருத்தி கேட்டாள்.

மிஸ் எங்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். மணி அடிக்கும்வரை சொன்னார். நாங்கள் விரல் விடவில்லை.