யெர்க்ஸில் தங்கச்சி கேட்ட கேள்வி

சிகாகோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேர டிரைவ். விஸ்கான்சினில் ஜெனீவா ஏரிக்கரை ஊரான வில்லியம்ஸ் பே. யெர்க்ஸ் வானாய்வகத்தின் 40 அங்குலத் தொலைநோக்கியை அண்ணாந்து பார்த்தபடி தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, பிசிக்ஸ் பிஎச்டிக்கு அப்பா நிலத்தை விக்கணுமா?"

என் மாஸ்டர்ஸ் கடனை அடைக்க ஆறு வருஷம் ஆச்சு. அவள் பயம் நியாயம்தான்.

"வேண்டாம்மா. இங்கே பெரும்பாலான பிசிக்ஸ் துறைகள் பிஎச்டி மாணவர்களோட ஃபீஸையும் கட்டி, மாசச் செலவுக்கும் பணம் தரும். பதிலுக்கு லேப் வகுப்பு எடுக்கணும், இல்லேன்னா ஆராய்ச்சியில உதவணும். விண்ணப்பக் கட்டணம்தான் நம்ம செலவு. அதுக்கும் சில இடங்கள்ல விலக்கு கேட்கலாம்."

1937இல் இங்கே வேலைக்கு வந்த சந்திரசேகர், 1930இல் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனதும் அரசு உதவித்தொகையில்தான்.

கார் ஏறியதும் ஊருக்கு போன் போட்டாள்: "அப்பா, நிலத்தை வித்துடாதீங்க."