பதினோரு அடிக் கடல்

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் நடுவில் ஒரு நீலப்புள்ளி. அது நான். நான் நகர்ந்தால் உலகமும் என்னோடு நகர்கிறது. வழி தவறுவதில்லை. ஆனால் எந்த ஊர் எங்கே, எவ்வளவு தூரம் என்ற உணர்வு மட்டும் மெல்ல மங்கிவிட்டது. என் மகள் அந்த உணர்வே இல்லாமல் வளர்கிறாள். அதனால்தான் லண்டனில் ஒரு காலத்தில் நின்ற பூமி உருண்டையைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

1851ஆம் ஆண்டு. லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் பொருட்காட்சி. பல நாட்டு மக்கள் கூடும் அந்த நேரத்தில், பூமியையே அவர்களுக்குக் காட்டிவிட நினைத்தார் ஜேம்ஸ் வைல்ட். தேசப்படங்கள் பதிப்பிக்கும் தொழில் அவருக்கு, நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. பொருட்காட்சிக்குள் இடம் கிடைக்காததால், லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தைப் பத்தாண்டுகளுக்குப் பெற்று, குவிமாடக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். உள்ளே 60 அடி விட்டத்தில் ஓர் உருண்டை. நம் அடுக்குமாடி வீடுகளின் கணக்கில் ஏறத்தாழ ஆறு மாடி உயரம்.

விசேஷம் என்னவென்றால், தேசப்படம் உருண்டையின் உள்பக்கத்தில் இருந்தது. வெளியே நின்று பார்த்தால் அவ்வளவு பெரிய உருண்டையின் ஒரு சிறு பகுதிதான் கண்ணில் படும். உள்ளே நின்றால் உலகம் நம்மைச் சுற்றி விரியும். மலைகளையும் சமவெளிகளையும் பிளாஸ்டர் சாந்தில் மேடுபள்ளமாகச் செய்து வண்ணம் பூசியிருந்தார்கள். எரிவாயு விளக்கு வெளிச்சத்தில், ஒரு ஷில்லிங் கொடுத்து வந்தவர்கள் கீழே தென்துருவப் பக்கம் தொடங்கி, தளம் தளமாகப் படியேறி வடக்கே போனார்கள். காலால் படித்த புவியியல் என்றே சொல்லலாம்.

முதல் ஆண்டில் நல்ல கூட்டம். பிறகு குறைந்தது. கிரைமியப் போரின்போது போர்க்களத்தின் மாதிரியை வைத்தெல்லாம் ஆட்களை ஈர்த்துப் பார்த்தார் வைல்ட். குத்தகைக் காலம் முடிந்தது. 1862இல் உருண்டையை உடைத்து விற்றுவிட்டார்கள். இன்று அந்தச் சதுக்கத்தில் ஷேக்ஸ்பியர் சிலையும் சுற்றிலும் திரையரங்குகளும்தான்.

"அதில் சிங்கப்பூர் எவ்வளவு பெரிசா இருந்திருக்கும்ப்பா?" என்றாள் மகள்.

கணக்குப் போட்டோம். பூமியின் விட்டம் ஏறத்தாழ 12,740 கிலோமீட்டர். அதை 60 அடிக்குள் அடக்கினால், ஓர் அடிக்கு 210 கிலோமீட்டர் சொச்சம். கிழக்கு மேற்காக நம் தீவு மூன்று அங்குலம்கூடத் தேறாது. அவள் ஆள்காட்டி விரலைவிடச் சற்றுச் சிறியது.

அடுத்து நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். என் அப்பாயி சிறுமியாக நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். பிறகு கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். அந்தக் கடல்வழி நேர்க்கோட்டில் 2,300 கிலோமீட்டர் சொச்சம். வைல்டின் உருண்டையில் பதினோரு அடி.

அளவு நாடாவைக் கூடத்தில் விரித்தோம். சோபாவிலிருந்து சமையலறை வாசல்வரை வந்தது. ஒரு முனையில் நாகப்பட்டினம், மறுமுனையில் பினாங்கு. மகள் ஐந்தாறு எட்டில் கடந்துவிட்டாள். நின்று கேட்டாள்: "கொள்ளுப்பாட்டி மறுபடி ஊருக்குப் போனாங்களா?"

"போகலம்மா."

லண்டனில் ஒரு ஷில்லிங் கொடுத்து அந்த உருண்டைக்குள் நின்றவர்களுக்கு வங்கக் கடல் பல கடல்களில் ஒன்று. எங்களுக்கு, அப்பாயியின் அப்பா அம்மாவை அதன் அந்தப் பக்கமே நிறுத்திவிட்ட பதினோரு அடி அது. கப்பலில் எத்தனை நாள் இருந்தார், கூட யார் வந்தார்கள், கரை தெரிந்தபோது என்ன நினைத்தார் என்றெல்லாம் மகள் கேட்டாள். பதில் சொல்ல அப்பாயி இப்போது இல்லை.

உங்கள் வீட்டிலும் ஓர் அளவு நாடா இருக்கும். எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து அளந்து பாருங்கள். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.