பலூன் ஊதிய பாதுகாப்பு வீரர்கள்

ஹாக்கி என்றால் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? தயான் சந்த் வருவார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்கம் வரும், கேப்டன் நம்ம பாஸ்கரன். நான் குப்பை கொட்டும் பூனாவில் கேட்டால் சட்டென்று தன்ராஜ் பிள்ளை என்பார்கள். இங்கே கட்கியில் பிறந்த தமிழ்ப் பையன் ஆயிற்றே! ஆனால் இந்தப் பதிவு அந்த ஹாக்கி பற்றியது இல்லை மக்களே. பனித்தளத்தின் மேல், காலில் கத்தி மாட்டிய ஷூ போட்டுக்கொண்டு, கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைத் துரத்துவார்களே, அந்த ஐஸ் ஹாக்கி. அதிலும் பெரிய கோப்பை தூக்கியவர்கள் கதை இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இரண்டாம் தட்டில் ஓடி ஓடித் தேய்ந்தவர்கள் கதை.

"ஃப்ரீசருக்கு வெளியே ஐஸ் பார்த்திராத உனக்கு எதுக்குய்யா இது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் கிளையண்ட் இருப்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம். ராத்திரி பதினொரு மணிக்கு பில்ட் ஓடி முடியும்வரை போனில் சும்மா இருக்க முடியாதே. நான் கிரிக்கெட் பற்றிச் சொல்வேன், அந்தப் பக்கம் இருப்பவர் ஐஸ் ஹாக்கி பற்றிச் சொல்வார். அவருடைய தாத்தா, அந்த ஊர் அணியான ஸ்பிரிங்ஃபீல்ட் இண்டியன்ஸ் ஆட்டங்களைத் தவறாமல் பார்த்தவராம். (இண்டியன்ஸ் என்றால் நாம் இல்லை, செவ்விந்தியர்கள். நானும் முதலில் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன் :-) ) ஒரு நாள் பேச்சுவாக்கில், அந்த அணியின் முதலாளி ஆட்டக்காரர்களை பலூன் ஊத வைத்த கதையைச் சொன்னார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1942 முதல் 1967 வரை என்.ஹெச்.எல். என்ற பெரிய லீக்கில் மொத்தமே ஆறு அணிகள்தான். மாண்ட்ரியல், டொரண்டோ, பாஸ்டன், நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ. அணிக்கு இருபது பேர் என்றால் நூற்றிருபது வேலை. கனடா முழுக்க, குளம் உறைந்தால் போதும், மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பையன்கள் ஆயிரக்கணக்கில். மிச்சப் பேர் எங்கே போவார்கள்? மைனர் லீக்குக்குத்தான். அதில் முக்கியமானது அமெரிக்கன் ஹாக்கி லீக். ஹெர்ஷி, கிளீவ்லாண்ட், பஃபலோ, ராச்செஸ்டர், பிராவிடன்ஸ், ஸ்பிரிங்ஃபீல்ட் என்று ஊர் ஊராக பஸ்ஸில் போய் ஆடுவது. கோடையில் வேறு ஏதாவது வேலை பார்த்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

இவர்களை இரண்டாம் தரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜானி பவர் என்று ஒரு கோல்கீப்பர். 1945ல் கிளீவ்லாண்டில் ஆரம்பித்தார். 1953-54ல் ஒரு முழு சீசன் நியூயார்க் அணிக்கு ஆடினார், எழுபது ஆட்டமும். அடுத்த வருடம் மறுபடி மைனர் லீக். அங்கே சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தொடர்ந்து மூன்று வருடம் வாங்கினார். 1958ல், 33 வயதில், டொரண்டோ கூப்பிட்டது. "இங்கேயே நிம்மதியா இருக்கேனே" என்று தயங்கித் தயங்கித்தான் போனார். போனவர் நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வென்றார்! ஆள் அதே ஆள்தான். காலியிடம் ஒன்று கிடைக்கத்தான் அத்தனை வருடம்.

எல்லோருக்கும் அந்தக் காலியிடம் கிடைக்கவில்லை. வில்லி மார்ஷல், அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் இருபது சீசன் ஆடி 523 கோல் அடித்தவர். அந்த லீக்கில் அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. பெரிய லீக்கில் அவர் ஆடியது? 33 ஆட்டம்.

சரி, பிடிக்காவிட்டால் வேறு அணிக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். அதுதான் முடியாது. பதின்ம வயதிலேயே பையனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், பல சமயம் வெறும் நூறு டாலருக்கு. அதற்குப் பிறகு, எந்த அணி அவனை வைத்திருக்கிறதோ அது விட்டால்தான் அடுத்த இடம். 1957ல் டெட் லிண்ட்சே என்ற பெரிய நட்சத்திரம் சங்கம் ஆரம்பிக்கப் பார்த்தார். டெட்ராய்ட் அணி அவரைத் தூக்கி சிகாகோவுக்கு அனுப்பிவிட்டது. அவரோடு சேர்ந்த சிலர் மைனர் லீக்குக்குப் போனார்கள். அதாவது மைனர் லீக் என்பது பிழைப்புக்கான இடம் மட்டுமில்லை, பயமுறுத்த வைத்திருக்கும் இடமும்கூட. நம்ம ஊரில் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்களே, அதே.

அந்தத் தண்ணியில்லாக் காட்டிலும் ஆட்டக்காரர்கள் மிகவும் பயந்த ஊர் ஸ்பிரிங்ஃபீல்ட். காரணம் எட்டி ஷோர்.

ஷோர் சாதாரண ஆள் இல்லை. பாஸ்டன் அணியின் பாதுகாப்பு வீரர். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதை நான்கு முறை வாங்கியவர். 1939ல் ஸ்பிரிங்ஃபீல்ட் அணியை விலைக்கு வாங்கினார். ஹாக்கி தெரிந்த முதலாளி, அதனால் அணியும் நன்றாகத்தான் இருந்தது. 1960, 61, 62 மூன்று வருடமும் தொடர்ந்து லீக் கோப்பை. அவரிடம் கற்றுக்கொண்டு மேலே போனவர்களும் உண்டு. கென்ட் டக்ளஸ் என்பவர் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து டொரண்டோ போய், 1963ல் பெரிய லீக்கின் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். புதுமுகத்துக்கு வயது 27!

ஆனால் மனிதரின் மறுபக்கம் வேறு. கோல்கீப்பர் அடிக்கடி கீழே விழுகிறார் என்று பயிற்சியில் அவரைக் கயிற்றால் கோல் கம்பத்தோடு கட்டியவர். ஆட்டக்காரர்களை ஹோட்டல் வரவேற்பறையில் டான்ஸ் ஆடிப் பழகச் சொன்னவர். ஒரு ஆளைக் கொடுத்து அதற்குப் பதிலாக இரண்டு கோல் வலை வாங்கினார், வந்த வலை பழசு என்று சண்டையும் போட்டார் என்று ஒரு கதை ஹாக்கி உலகில் இன்றும் ஓடுகிறது.

அவர் கோபத்துக்கு ஆளானவர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் ஒரு பெயர் இருந்தது, பிளாக் ஏசஸ். அணியோடுதான் இருப்பார்கள், ஆனால் ஆட்டத்தில் இறக்க மாட்டார். அரங்கத்தின் நாற்காலிகளுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், பாப்கார்ன் பொரிக்க வேண்டும். ஐஸ் மேல் நடனக் காட்சி நடத்த வெளியூர்க் குழு வந்தால் அவர்களுக்கு பலூன் ஊதிக் கொடுக்க வேண்டும். நேற்றுவரை எதிரணிக்காரனைச் சுவரோடு சாய்த்த பாதுகாப்பு வீரன், இன்றைக்கு உட்கார்ந்து பலூன் ஊதுகிறான்.

இப்போது நான் ஏன் அந்த பலூனைப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்கிறேன். 2009 மந்தநிலையில் அப்போது இருந்த கம்பெனியில் நான்கு மாதம் பெஞ்ச்சில் இருந்தேன். பெஞ்ச் என்றால் ஐ.டி. மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை: "சம்பளம் வருதுல்ல, வேலையும் இல்லைங்கற, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" காலை ஒன்பதுக்கு கார்டு தேய்க்க வேண்டும், ஆறு வரை உட்கார வேண்டும், வெள்ளிக்கிழமை லிஸ்ட் வருமோ என்று காத்திருக்க வேண்டும். அந்த வருட ஃபேமிலி டே வந்தபோது பெஞ்ச்சில் இருந்த எங்கள் பதினாலு பேரை ஒரு ஹாலுக்கு வரச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பாக்கெட் பலூன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊதினோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பதினோரு வருட அனுபவம் உள்ள டேட்டாபேஸ்காரர், கான்பூர்க்காரர். ஒரு சிவப்பு பலூனைக் கட்டிவிட்டு, "பாய், வீட்டுல மட்டும் சொல்லிடாதே" என்றார். வேலை கேவலமில்லை. என் குழந்தை பிறந்தநாளுக்கு நூறு பலூன் ஊதுவேன். மறுத்தால் என்ன ஆகும் என்று பதினாலு பேருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் கேவலம்.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு நாள் மறுத்தார்கள். 1966 டிசம்பர். ஆட்டம் சரியில்லை என்று ஷோர் மூன்று பேரைச் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட் செய்தார். அதில் ஒருவர் பில் வைட். காரணம் கேட்டு மற்றவர்கள் பேசப் போனார்கள், பலன் இல்லை. முழு அணியும் ஆட மாட்டோம் என்று நின்றுவிட்டது. நினைத்துப் பாருங்கள், சங்கம் கிடையாது, வேறு அணிக்குப் போக வழி கிடையாது. முந்தைய தலைமுறை நட்சத்திரங்களே தோற்றுப்போன இடத்தில், பெயர் தெரியாத மைனர் லீக் ஆட்டக்காரர்கள் நின்றார்கள். டொரண்டோவிலிருந்து ஆலன் ஈகிள்சன் என்ற இளம் வக்கீல் வந்து அவர்களுக்காகப் பேசினார். 1967 ஜனவரியில் ஷோர் அன்றாட நிர்வாகத்திலிருந்து ஒதுங்கினார். அதே வருடம் ஜூனில் பெரிய லீக் ஆட்டக்காரர்களுக்கே சங்கம் வந்தது, தலைமையில் அதே ஈகிள்சன். கவனியுங்கள், மேலே இருந்தவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் வழி திறந்துவிட்டார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் பெரிய லீக் ஆறிலிருந்து பன்னிரண்டு அணியானது. பில் வைட் 28 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். 1972ல் சோவியத் யூனியனுக்கு எதிரான அந்தப் புகழ்பெற்ற தொடரில் கனடாவுக்காக ஆடினார். அவருடைய ஸ்பிரிங்ஃபீல்ட் சகா பிரையன் கில்ரே, அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் வரலாற்றிலேயே முதல் கோலை அடித்தார். இத்தனை வருடம் இவர்களிடம் திறமையா இல்லாமல் இருந்தது?

இதோடு முடித்திருந்தால் நல்ல சினிமா. ஆனால் நடந்தது அது இல்லை. காப்பாற்ற வந்த ஈகிள்சன் இருபத்தைந்து வருடம் சங்கத்தைத் தன் கையிலேயே வைத்திருந்தார். அந்த ஆட்டக்காரர்களையே ஏமாற்றினார் என்று வழக்கு வந்து, 1998ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஷோரிடமிருந்து தப்பியவர்கள், தங்களை விடுவித்தவரிடமிருந்தும் தப்ப வேண்டியிருந்தது.

ஷோரிடம் ஆடிய இன்னொருவர் டான் செர்ரி. பெரிய லீக்கில் அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், 1955ல். பிறகு பயிற்சியாளராகி, கனடா டி.வி.யில் பெரிய ஆளானார். வந்தேறிகள் இந்த நாட்டுக்கு மரியாதை தருவதில்லை என்கிற மாதிரி பேசியதற்காக 2019 நவம்பரில் சேனல் அவரை அனுப்பிவிட்டது. பிழைப்புக்காக ஊர் ஊராக பஸ்ஸில் அலைந்த மனிதர்! அவமானப்பட்டவனுக்கு அடுத்தவன் வலி தானாகப் புரியும் என்று நாம் நம்புகிறோம். அப்படி ஒன்றும் கட்டாயம் இல்லை போலிருக்கிறது.

அதனால் இந்தக் கதையில் எனக்கு ஹீரோ யாரும் இல்லை. ஒருவருக்காக முழு அறையும் எழுந்து நின்ற அந்த சில நாட்கள் மட்டும்தான் இருக்கின்றன. மூன்று மாத நோட்டீஸ், ரிலீவிங் லெட்டர், பாண்ட் என்று நம்மிடமும் தாள்கள் இருக்கின்றன. பலூன் பாக்கெட் வரும்போது "இவர் ஊத மாட்டார் சார்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வாரா? நாம் அவருக்காகச் சொல்வோமா? எனக்கு இதற்கு விடை தெரிந்தாக வேண்டும் போலிருக்கிறது. பின்னூட்டத்தில் உங்கள் பெஞ்ச் கதைகளைச் சொல்லுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம் :-)

பி.கு.: கான்பூர்க்காரர் இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறார். பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஆபீசில் விழா என்றால் பலூன் கட்டுவது முதலாளிதானாம்.