நவச்சாரம் எங்கிருந்து வந்தது?

கரி அடுப்பின் மேல் பித்தளைத் தவலை காய்ந்துகொண்டிருந்தது. ஈயம் பூச வந்த பெரியவர் வெள்ளைத் தூளை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே தூவினார். குப்பென்று வெண்புகை எழுந்து மூக்கை எரித்தது. பஞ்சால் அவர் ஒரு சுற்றுத் தேய்த்ததும் கறுத்துக் கிடந்த உட்புறம் பளிச்சிட்டது. அதில் வைத்த வெள்ளீயம் உருகி, வெள்ளி போலப் படர்ந்தது.

"அது என்ன தூளுங்க ஐயா?"

"நவச்சாரம், தம்பி."

"எங்கிருந்து வருது?"

"நாட்டு மருந்துக் கடையிலதான் வாங்குறேன்."

அதற்கு முன்னால்? அந்தக் கேள்வி என்னை நூல்களுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

ஒன்பது சாரமோ, புதுச் சாரமோ என்று முதலில் நினைத்தேன். இரண்டும் இல்லை. பாரசீகத்தில் நவ்ஷாதர், இந்தியில் நவ்சாதர். நம் சொல்லும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சொல் காட்டிய திசை மத்திய ஆசியா. இன்றைய தஜிகிஸ்தானின் மலைகளில் நிலக்கரிப் படுகைகள் மண்ணுக்கடியில் நெடுங்காலமாக எரிகின்றன. அங்கே பிளவுகளின் வழியே வரும் ஆவி குளிர்ந்து, பாறையில் வெள்ளைப் படிகமாக ஒட்டுகிறது. இரவில் தீயும் பகலில் புகையும் தெரியும் நவச்சார மலைகளைப் பற்றி 10ஆம் நூற்றாண்டிலேயே அரபு வரலாற்றாசிரியர் அல்-மசூதி எழுதியிருக்கிறார்.

இரண்டாவது தடம் எகிப்துக்குப் போகிறது. விறகு அரிதான அந்நாட்டில் சாணமே எரிபொருள். அதன் புகைக்கரியைச் சுரண்டி, கண்ணாடிக் குடுவையில் சூடேற்றினால் கழுத்தில் நவச்சாரம் படியும். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா அதை அங்கிருந்துதான் வாங்கியது. பிறகு எடின்பரோவில் ஜேம்ஸ் ஹட்டனும் அவருடைய நண்பர் டேவியும் ஊர்ப் புகைபோக்கிகளின் கரியிலிருந்தே அதைத் தயாரித்துக் காட்டினார்கள். நவீன நிலவியலுக்கு அடித்தளம் இட்டவர் என்று போற்றப்படும் அதே ஹட்டன்தான் இவர்.

ஐரோப்பியர் வைத்த பெயர் 'அம்மோனின் உப்பு'. லிபியப் பாலைவனத்தில் அம்மோன் கடவுளின் கோயில் அருகே கிடைத்த உப்பைப் பற்றி ரோமானியரான பிளினி எழுதியிருந்தார். ஆனால் அவர் சொன்னது பெரும்பாலும் சாதாரணப் பாறையுப்பாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெயர் பிற்காலத்தில் இடம் மாறி நவச்சாரத்தின் மேல் ஏறிக்கொண்டது. அதிலிருந்து பிறந்ததுதான் அம்மோனியா.

அந்த வாயுவைத் தனியே பிடித்தவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. நவச்சாரத்தைச் சுண்ணாம்புடன் சூடாக்கி, வந்த வாயுவைப் பாதரசத்தின் மேல் சேகரித்தார். தண்ணீரின் மேல் பிடித்திருந்தால் அது கரைந்தே போயிருக்கும். 1774இல் வெளியான நூலில் அதற்குக் 'காரக் காற்று' என்று பெயரிட்டார். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்ததே அது என்று 1785இல் நிறுவியவர் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொலே. வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பில் துளி நவச்சாரம் குழைத்துப் பார்த்தேன். அடுத்த நொடியே அந்த வாயுவின் நெடி!

தவலைக்குள் நடந்தது அப்போதுதான் விளங்கியது. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. ஓர் அமிலமும் ஒரு காரமும் கைகோத்த உப்பு. சூடு பட்டதும் கை விலகி, ஹைட்ரஜன் குளோரைடாகவும் அம்மோனியாவாகவும் பிரிகிறது. அமில வாயு களிம்பைத் தின்று உலோகத்தைத் துலக்குகிறது. மிஞ்சியவை மேலெழுந்து, குளிர்ந்த காற்றில் மீண்டும் சேர்கின்றன. நாம் பார்க்கும் வெண்புகை அந்த மறுசேர்க்கைதான்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது: சாணத்துக்கும் நிலக்கரிக்கும் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது? இரண்டுக்கும் மூலம் செடிகொடிகள். அவற்றுக்கு அதைத் தந்தது காற்று. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும், அதன் அணுக்கள் மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடப்பதால் செடிகளால் நேரடியாக எடுக்க முடியாது. மின்னல் கொஞ்சம் உடைத்துக் கொடுக்கிறது. பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் பெரும்பங்கைச் செய்கின்றன. அந்த முடிச்சுகளின் வேலையை 1886இல் ஜெர்மானியர் ஹெல்ரீகல் உலகுக்குச் சொன்னார். 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் இணைத்து அம்மோனியா சொட்டுவதைக் காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார்.

தேடல் முடிந்த இடம் தூத்துக்குடி. அங்கே தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் சேர்கின்றன. ஒரு பக்கம் சோடா உப்பு வரும், மறுபக்கம் அம்மோனியம் குளோரைடு வரும். சீனப் பொறியாளர் ஹோ டெபாங் உருவாக்கிய வழியும் இதுவே. எரியும் மலைகளையும் சாணக் கரியையும் தேடி அலைய வேண்டிய தேவை இப்போது இல்லை. ஆலையில் செய்த நவச்சாரத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு குளோரின். அது உப்பு தந்தது. கால் பங்குக்குச் சற்று மேல் நைட்ரஜன். அது காற்று தந்தது. மிச்சம் ஹைட்ரஜன்.