யாழ்ப்பாணத்தில் எங்கே சாப்பிடலாம்?

வெளியிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற ஆக்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நல்ல ஒடியல் கூழ் எங்க குடிக்கலாம்?" கொழும்புச் சிநேகிதிகளும் கேட்கிறார்கள், கனடாவில் இருந்து வருகிற பெரியம்மாவின் மகளும் கேட்கிறாள். நான் சொல்கிற பதில் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. "ஆரின்ரையும் வீட்டிலதான்."

பகிடிக்குச் சொல்லவில்லை. கூழ் ஒரு கோப்பை, இரண்டு கோப்பை என்று காய்ச்சுகிற சாமான் இல்லை. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை வடித்து வடித்துக் கைப்பை எடுக்க வேண்டும். நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் ஒரு பானைக்குள் அவிய வேண்டும். பிறகு பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய், கடைசியில் கரைத்த மா. அரை நாள் வேலை. குடிக்கிறதற்கு 10, 15 பேராவது வேண்டும், முற்றம் வேண்டும், கோலிக் குடிக்கப் பிலாவிலை வேண்டும். இதை ஒரு கடை மத்தியானம் 12 மணிக்கு மேசையில் கொண்டுவந்து வைக்கும் என்று எதிர்பார்க்கிறது நியாயமில்லை. சில ஹோட்டல்களில் முதல்நாளே சொல்லி வைத்தால் செய்து தருவார்கள்தான். ஆனால் குளிரூட்டிய அறைக்குள் பீங்கான் கோப்பையில் கரண்டி போட்டுக் குடிக்கிற கூழுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

கூழ் மட்டுமில்லை. யாழ்ப்பாணச் சாப்பாடு என்று உலகம் எதைச் சொல்கிறதோ அதில் முக்கால்வாசி வீட்டுச் சாப்பாடு. நண்டுக் கறியும் புட்டும், முருங்கைக்காய்ப் பிரட்டல், சொதி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. வீட்டில் இதைச் சாப்பிடுகிற சனம் கடைக்கு வந்து அதையே காசு கொடுத்துச் சாப்பிடுமா? அதனால் கடைகள் வீட்டில் செய்யாததை விற்கின்றன. கொத்துரொட்டி, பிறைட் றைஸ், றோல்ஸ், ஐஸ்கிறீம். உல்லாசப் பயணிகள் ஏமாந்து போகிற இடம் இதுதான்.

வீடு இருக்கிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினை இல்லை. நான் வவுனியாப் பிள்ளை. கம்பஸ் கிடைத்து இங்கே வந்து விடுதியில் இருக்கிறேன். 4 வருசமாக இந்த ஊர்க் கடைகள்தான் என் குசினி. அதோடு நான் ஒரு பெட்டை. யாழ்ப்பாணத்தில் எங்கே சாப்பிடலாம் என்ற கேள்விக்குப் பெடியள் சொல்கிற பதிலும் நாங்கள் சொல்கிற பதிலும் ஒன்றில்லை. என்னோடு படிக்கிற பெடியன்களுக்கு இது தெரியாது, அவர்கள் யோசித்திருக்கவும் மாட்டார்கள். ஆகவே இது எங்களுடைய பட்டியல்.

முதலில் மலாயன் கபே. பெரியகடைப் பக்கம், பஸ் நிலையத்தில் இறங்கி நடக்கிற தூரம். பெயரைப் பார்த்து மலேசியச் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தச் சைவக்கடை. வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து எத்தனையோ பேர் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்தார்கள். மலாயன் பென்சனில் கட்டிய கல்வீடுகள் இன்னும் ஊர்களில் இருக்கின்றன. அந்தக் காலத்தின் வாசம் அந்தப் பெயரில் இருக்கிறது. உள்ளே போனால் மாபிள் பதித்த மேசைகள், மரமும் கண்ணாடியுமான பழைய அலுமாரிகள், அதற்குள் வடையும் இனிப்பும். மத்தியானம் வாழையிலையில் சோறு. நீங்கள் கேட்க முதலே பருப்பும் மரக்கறிகளும் வந்து விழும். போதும் என்று கையை இலைக்கு மேல் மறித்துப் பிடித்தாலொழிய விடமாட்டார்கள். சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்து நாங்களே எடுத்துக்கொண்டு போய், கை கழுவுகிற இடத்தில் இருக்கிற துவாரத்துக்குள் போட வேண்டும். முதல் தரம் போகிறவர்கள் அந்த இடத்தில் முழிப்பார்கள். பக்கத்து மேசை ஐயா கண்ணாலேயே காட்டுவார்.

மலாயனில் எனக்குப் பிடித்தது சோறு இல்லை (சோறும் நல்லது). ஒருவருக்கும் மினக்கெட நேரம் இல்லை என்பதுதான். சந்தைக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கந்தோர் ஆக்கள், எல்லாரும் இருக்கிற கதிரையில் இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்புகிறார்கள். தனியாக ஒரு பிள்ளை வந்து தோசை சாப்பிடுகிறாள் என்று நிமிர்ந்து பார்க்க அங்கே ஆருக்கும் வசதியில்லை.

இது ஏன் பெரிய விசயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

டவுனில் இன்னொரு கடை. பெயர் வேண்டாம். விரிவுரை முடிந்து, பசியோடு தனியாகப் போனேன். வாசலில் நின்றவர் முதலில் கேட்டது "எத்தினை பேர் தங்கச்சி?" நான் ஒருத்திதான் என்றேன். எனக்குப் பின்னால் ஆராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு "உள்ள பமிலி றூம் இருக்கு" என்று காட்டினார். முன்பக்கம் பாதிக்கு மேல் மேசைகள் வெறுமையாகத்தான் இருந்தன. பமிலி றூம் என்றது பலகை அடித்து மறித்த ஒரு மூலை. திரைச்சீலை, ஓடாத மின்விசிறி, மேசையில் முந்தி வந்த பமிலி விட்டுப்போன எலும்புகள். நான் எந்தப் பமிலி? மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், அந்த அண்ணையும் கூடாத மனிசன் இல்லை. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்து சாப்பிடும்போது ஏதோ களவாகச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. வேகவேகமாக விழுங்கிவிட்டு வந்துவிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

இதனால்தான் எங்கள் விடுதியில் எல்லாரும் பாசல் ஆக்கள். சோற்றுப் பாசல், கொத்துப் பாசல், இடியப்பப் பாசல். பெடியள் கடையில் இருந்து சாப்பிட்டு, மேசையில் வைத்த தட்டில் எத்தனை வடை, எத்தனை றோல்ஸ் குறைந்தது என்று கணக்குச் சொல்லிக் காசு கொடுத்து, பிளேன் ரீ குடித்து, அரசியல் கதைத்து எழும்புவார்கள். எங்களுக்கு அதே சாப்பாடு லஞ்ச் சீற்றுக்குள் வேர்த்து வரும். சோறு பரவாயில்லை. கொத்துக்கு இது அநியாயம்.

கொத்துரொட்டியைக் கல்லில் இருந்து நேரே சாப்பிட வேண்டும். இரண்டு தகடும் கல்லில் விழுகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கும், பின்னேரம் 6 மணிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தின் சத்தம் அதுதான். வெட்டிய ரொட்டி, முட்டை, லீக்ஸ், கறிக்குழம்பு. விளிம்பில் கொஞ்சம் முறுகி, நடுவில் குழம்பு ஊறி இருக்க வேண்டும். பாசல் கட்டி 10 நிமிசத்தில் அந்த முறுகல் செத்துப்போகும். (கொத்து தங்கட ஊர்ச் சாமான் என்று என் மட்டக்களப்புச் சிநேகிதி சண்டை பிடிப்பாள். இருக்கட்டும், நாங்கள் சாப்பிட மட்டும் செய்கிறோம்.) இரண்டாம் வருசத்தில் ஒருநாள் நாங்கள் 5 பேர் சேர்ந்து போய் ஒரு கொத்துக் கடையில் முன்மேசையிலேயே இருந்தோம். பமிலி றூமைக் காட்டினார்கள். "இல்லை அண்ணை, எங்களுக்குக் கொத்துப் போடுறதைப் பாக்கோணும்" என்றோம். கொத்துப் போட்ட தம்பிக்கு வெட்கமும் பெருமையும். அன்றைக்குத் தாளம் கொஞ்சம் கூடத்தான். இப்போது அந்தக் கடையில் எங்களை ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் இரண்டு பேராகப் போனால்தான் அந்த வசதி, தனியாக இன்னும் நான் போய்ப் பார்க்கவில்லை. விடுதிக் கேற் பூட்டுகிற நேரமும் ஒன்று இருக்கிறது.

பிரியாணி என்றால் ஐந்துசந்திப் பக்கம் போங்கள். முஸ்லிம் கடைகள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான், அதுவும் கனகாலத்துக்குப் பிறகு. என் வயதுக்காரருக்கு இது பாடப்புத்தகத்தில் வராத விசயம். எனக்குச் சொன்னது அங்கே சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும்போது பக்கத்து மேசையில் இருந்த ஒரு வயதான ஐயா. அவர் புத்தளத்தில் வளர்த்த பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்களாம். "நான் மட்டும் வந்திட்டன் மகள்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐஸ்கிறீமுக்கு நல்லூர். கந்தசுவாமி கோயிலுக்குக் கிட்ட றியோ. தனியாக, சோடியாக, குடும்பமாக, எப்படிப் போனாலும் ஒருவரும் கேள்வி கேட்காத இடம். காதலிக்கிற ஆக்கள், அவர்களைக் காணாத மாதிரி இருக்கிற மாமா மாமிமார், வெளிநாட்டில் இருந்து வந்து பத்து ஐஸ்கிறீமைப் படம் எடுக்கிற குடும்பங்கள், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ். உயரக் கண்ணாடிக் கோப்பையில் இரண்டு மூன்று நிறம், ஜெலி, மேலே வேபர். உலகத்திலேயே திறமான ஐஸ்கிறீம் என்று சொல்லமாட்டேன், இனிப்பு அதிகம். ஆனால் என் சித்தி அதைச் சாப்பிடுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். 1990க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து ஓ.எல். எழுதின ஆள் அவ. இப்போதும் கரையக் கரைய மெதுவாகத்தான் சாப்பிடுவா. "குளிராய்ச் சாப்பிடுறதே ஒரு புதினம்தானே பிள்ளை" என்பா. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தப் பக்கம் கால் வைக்க இடமிராது. அந்த நாட்களில் ஊரில் பாதி சைவம். அப்போது மச்சக் கடை தேடாமல் கச்சான் கடைகளுக்குப் போங்கள். வறுத்த கச்சான் சுடச்சுட ஒரு பை.

கடைசியாக என் கடை. உண்மையில் கடை இல்லை, அம்மாச்சி உணவகம். திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட. (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: உங்கள் திருநெல்வேலி இல்லை. நாங்கள் தின்னவேலி என்போம்.) வடமாகாண விவசாயத் திணைக்களம் ஏற்படுத்திக் கொடுத்த இடம், சமைப்பதும் விற்பதும் பெண்கள். நாட்டின் மற்றப் பக்கங்களில் இதே மாதிரி உணவகங்களுக்கு 'ஹெல போஜுன்' என்று பெயர். இங்கே பெயரைப் பற்றிக் கொழும்போடு ஒரு இழுபறி நடந்து, அம்மாச்சி என்ற பெயரே நின்றது. நின்றது நல்லது. அங்கே நிற்கிற அன்ரிமாரைப் பார்த்தால் வேறு பெயர் வாயில் வராது.

தோசை, பாலப்பம், குரக்கன் ரொட்டி, புட்டு, உழுந்து வடை, இலைக்கஞ்சி. எல்லாம் கண்ணுக்கு முன்னால் சுட்டுத் தருவார்கள். நாங்களே எடுத்துக்கொண்டு போய் இருக்க வேண்டும். வடிவான இடம் என்று சொல்ல முடியாது, பின்னேரங்களில் கதிரை கிடைப்பதும் கஷ்டம். ஆனால் முதல்நாள் நான் தனியாகப் போய் நின்றபோது "எத்தினை பேர்" என்று கேட்கவில்லை. "எத்தினை தோசை" என்றுதான் கேட்டா. எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது, சம்பல் உறைப்பு என்று சமாளித்தேன்.

அங்கே தோசை சுடுகிற ஒரு அன்ரியோடு எனக்கு இப்போது நல்ல பழக்கம். காலமை இருட்டோடு எழும்பி வீட்டில் பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, பஸ் ஏறி வந்து இங்கே ஊருக்கெல்லாம் சமைக்கிறா. "முந்தியும் இதைத்தான் செய்தனான், அப்ப ஆரும் காசு தரேல்லை" என்று சொல்லிச் சிரித்தா. 2022இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது கனக்கக் கடைகள் பூட்டுப்பட்டன, திறந்தவையும் விலையை ஏற்றின. அதற்குப் பிறகு விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. மகாபொல காசில் மாதம் ஓட்டுகிற எங்களுக்கு அம்மாச்சியில்தான் இன்னும் வயிறு நிறையச் சாப்பிட முடிகிறது. வீட்டில் அம்மா சமைக்கிற சாப்பாட்டுக்கு விலை போட்டு ஒரு பெண் தன் கையால் காசு வாங்குகிற இடமும் நான் பார்த்தவரை இதுதான்.

பெரியம்மாவின் மகளையும் போன ஓகஸ்டில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். ரொறன்ரோவில் எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதிப் புள்ளி போடுகிற ஆள். மேசையைப் பார்த்து முகம் சுழித்தாள். குரக்கன் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வந்த பிறகு போனை உள்ளே வைத்துவிட்டாள். பிறகு போய் இன்னும் இரண்டு வாங்கினாள். அன்ரி என்னைப் பார்த்து "உங்கட ஆளே? சரியா மெலிஞ்சிருக்கிறா" என்று சொல்லி, காசு வாங்காமல் ஒரு வடையையும் தட்டில் வைத்தா.

போகிறதென்றால் பின்னேரம் 4 மணிக்கு முதலே போங்கள். கம்பஸ் விட்டால் பாலப்பம் முடிந்துவிடும்.