மொட்டைமாடிக்குக் கீழே

ஏப்ரல் 22

இரவு பத்து மணிக்கும் படுக்கையறையின் மேற்குச் சுவர் கையைச் சுடுகிறது. வேளச்சேரியில் கடைசி மாடி வீடு. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் ராத்திரியில்தான் கக்குகிறது. ஃபேனை ஐந்தில் வைத்தாலும் மேலே தேங்கிய அந்தச் சூட்டைத்தான் கீழே இறக்குகிறது. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடம்பைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனால் மின் மீட்டருக்கு மட்டுமே வேலை.

ஏப்ரல் 28

பழைய ஃபேன் 75 வாட் இழுத்தது. பிஎல்டிசி மோட்டார் உள்ள புதியதற்கு 30 வாட் சொச்சம் போதும். மாட்டிவிட்டுப் போன எலக்ட்ரீஷியன், "கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் ரொம்ப நேரம் தாங்கும் சார்" என்றார். இந்த ஊர்க் கோடையில் அதுவே பெரிய ஆறுதல்.

மே 4

அக்னி நட்சத்திரம் பிறந்தாயிற்று. வேலூரிலிருந்து அம்மா போனில், "ஒரு ஏர் கூலர் வாங்கிப் போடேன்டா" என்றாள். அங்கே காற்று வறண்டது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். இங்கே காற்றே ஈரம். கூலர் போட்டால் புழுக்கம் கூடும், மெத்தை பிசுபிசுக்கும். "சாயங்காலம் மாடியில தண்ணியாவது தெளி" என்றாள். லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

மே 10

கொடியில் காயும் துணிகள் வீட்டுப் பக்கம் சாய்ந்தால் கடல்காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை ஜன்னல்கள் மூடியே இருக்கும். விடியற்காலையில் எல்லாவற்றையும் திறப்பது, ஒன்பது மணிக்குள் அடைப்பது, காற்று திரும்பியதும் மறுபடி திறப்பது: இதுதான் இப்போதைய நித்திய கடமை. மேல்காற்று ஓங்கும் நாளில் கடல்காற்று உள்ளே நுழையப் பிந்தும். அன்று நகரமே வேகும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி தொட்டது. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறமாக மூங்கில் தட்டி கட்டினேன். உள்ளே திரை போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதானே தடுக்கிறோம்?

மே 17

பையன் ஏசியைப் 18-இல் வைக்கிறான், சீக்கிரம் குளிருமாம். எங்களுடைய பழைய ஏசியின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். எண்ணைக் குறைத்தால் நெடுநேரம் ஓடும், அவ்வளவே. 2020 முதல் புதிய ஏசிகள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் தூக்கம் வருகிறது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடுமே!

மே 24

அசோசியேஷன் கூட்டம். மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம் என்றேன். "மேல் வீட்டுக்காரங்களுக்குத்தானே லாபம், நாங்க எதுக்குப் பணம் போடணும்?" என்றார் தரைத்தள வீட்டுக்காரர். "உங்க அவுட்டோர் யூனிட் ஊதுற சூடு எங்க ஜன்னலுக்குத்தானே சார் ஏறுது?" என்றாள் என் மனைவி. சபை அமைதியானது. ஏசி சூட்டை அழிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறது. அடுக்குமாடியில் தளம் பொது என்றால் வெக்கையும் பொதுதான். பாதிச் செலவு மேல்மாடி வீடுகளுக்கு, மீதி பொது நிதியிலிருந்து என்று முடிவாயிற்று. பெயின்ட் அடிப்பதற்குள் கத்திரி முடிந்துவிடும். பரவாயில்லை, சென்னைக்கு ஜூனும் கோடைதான்.